கரடியூர் பழமும் கல் உப்பு ஐஸும்

குட்டீஸ்! பள்ளி வாசலில் மணியடித்தபடி வந்து நிற்குமே ஐஸ் வண்டி, அதில் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று குச்சி ஐஸ் பளபளக்கும். ஆரஞ்சு நிற ஐஸில் எத்தனை ஆரஞ்சுச் சுளை சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் கலர், கொஞ்சம் எசென்ஸ்... அவ்வளவுதான்!

நிஜமான பழத்தில் ஐஸ் செய்தால் எப்படி இருக்கும்? ஒரு தடவை சாப்பிட்டுவிட்டால் வண்டி ஐஸ் பக்கம் மனசு போகாது. அதற்கு ஃப்ரிட்ஜ்கூடக் கட்டாயம் இல்லை. எப்படி என்று பார்க்க, ஒரு மலைக் கிராமத்துக்குப் போவோம், வாருங்கள்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் ஏரி, சுற்றிலும் காடு. 'ஏரிக்காடு' என்பதுதான் ஏற்காடு ஆயிற்று என்பார்கள். அந்த மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர்களில் ஒன்று கரடியூர். பேரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள்! பலாப்பழக் காலத்தில் போனால் உங்களை முதலில் வரவேற்பது கரடி அல்ல, வாசனை.

காபிச் செடிக்கு உச்சி வெயில் ஆகாது. அதனால் தோட்டத்தில் நிழலுக்கு சில்வர் ஓக் போன்ற உயரமான மரங்களை வளர்ப்பார்கள். பலா மரமும் நிழல் தரும். இடையிடையே ஆரஞ்சு, கொய்யா, வாழை, பேரி, பட்டர் ஃப்ரூட் என்று பழ மரங்கள். ஏன், காபியே ஒரு பழம்தான்! செக்கச்செவேல் என்று பழுத்த காபிப் பழத்தின் தோலுக்கு அடியில் மெல்லிய தித்திப்பான சதை இருக்கும். நாம் பொடி செய்து குடிப்பது அதன் கொட்டையை.

இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர். காபியோடு நிற்காமல் ஆப்பிள், பேரி, லோக்காட் போன்ற பழ மரங்களையும் இங்கே நட்டுப் பார்த்தார். ஆப்பிள் இங்கே பெரிதாக எடுபடவில்லை. பேரி மலையோடு ஒட்டிக்கொண்டது.

சரி, பழத்தை அப்படியே சாப்பிட்டால் போதாதா, ஏன் ஐஸ் ஆக்க வேண்டும்? இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. மரங்களுக்கு ஒரு பழக்கம். வருஷமெல்லாம் சும்மா இருந்துவிட்டு, சில வாரங்களில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பழுக்க வைத்துவிடும். ஒரு பலாப்பழமே 10 கிலோ, 15 கிலோ இருக்கும். பழுத்துவிட்டால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். ஒரு வீட்டார் எவ்வளவு சாப்பிட முடியும்? எல்லார் வீட்டிலும் அதே பழம் இருக்கும்போது விலைக்கு யார் வாங்குவார்? வண்டி பிடித்து மலை இறக்கினால், பழம் விற்ற காசு வாடகைக்கே சரியாகிவிடும் நாட்களும் உண்டு. கடைசியில் நல்ல பழம் மரத்தடியிலேயே விழுந்து, ஈ மொய்த்து, மண்ணாகிப் போகும். ஒரு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்று மரம் சேர்த்த சர்க்கரை ஒரே வாரத்தில் வீண்!

பழத்தைக் கெட வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். உறைகிற குளிரில் அவை வேலை செய்யாமல் தூங்கிவிடும். மைனஸ் 18 டிகிரியில் வைத்த பலாச்சுளை மாதக்கணக்கில் கெடாது. ஆகவே, பழ ஐஸ் தின்பண்டம் மட்டுமல்ல, பழத்தைக் காப்பாற்றும் வித்தையும்கூட.

ஏற்காடுதான் குளிர் பிரதேசமாயிற்றே, ராத்திரியில் ஜூஸை வெளியே வைத்தால் உறைந்துவிடாதா என்று ஒரு சந்தேகம் வரும். ஆசை நல்லதுதான், ஆனால், நடக்காது. ஏற்காட்டில் குளிர்காலத்தில் 12, 13 டிகிரி வரை இறங்கும். தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் சில ராத்திரிகளில் புல்மேல் உறைபனி படியும். ஏற்காட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அமெரிக்காவில் ஒரு பையனுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. 1905ம் ஆண்டு ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுச் சிறுவன், கலிபோர்னியாவில் இருந்த தன் வீட்டில், சோடாப் பொடியைத் தண்ணீரில் கலக்கி விளையாடினான். கலக்கிய குச்சியோடு டம்ளரை வராந்தாவில் மறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அன்று ராத்திரி கடுங்குளிர். காலையில் பார்த்தால், குச்சியோடு சேர்ந்து உறைந்து கிடந்தது! பெரியவனான பிறகு அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1924ல் கிடைத்தது. இன்று உலகமெங்கும் சப்பப்படும் குச்சி ஐஸில் அந்தப் பையனின் மறதிக்கும் பங்கு உண்டு. (மறதிக்காரர்கள் இதை அம்மாவிடம் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்!)

அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸ்

குளிர் இல்லாத ஊரில், ஃப்ரிட்ஜும் இல்லாத காலத்தில் ஐஸுக்கு எங்கே போனார்கள்? கப்பலில் வரவழைத்தார்கள்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸைக் கட்டி கட்டியாக அறுத்தெடுப்பார். மரத்தூள் போன்றவற்றை இட்டுப் பொதிந்து கப்பலில் ஏற்றுவார். 1833ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். வெப்பமான பூமத்தியரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். அப்படியும் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. அம்மாடியோவ்!

சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. அதைச் சேர்த்து வைக்க 1842ல் மெரினா கடற்கரை ஓரம் கட்டிய கட்டடம்தான் 'ஐஸ் ஹவுஸ்'. 1897ல் விவேகானந்தர் வந்து 9 நாள் தங்கியதும் இந்தக் கட்டடத்தில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம். அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், அந்த வட்டச் சுவர்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் உள்ளே அமெரிக்க ஏரி குவிந்து கிடந்தது!

அதற்கும் முன்பு, 16ம் நூற்றாண்டில் அக்பர் அரண்மனையில் வேறு தந்திரம் வைத்திருந்தார்கள். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீர் ஜில்லென்று ஆகும். அதற்குள் குடிநீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழற்றுவார்கள். அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி' இதைச் சொல்கிறது. நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். வெடியுப்பு வேண்டாம், சமையலறையில் இருக்கும் கல் உப்பு போதும்.

உப்பு செய்யும் மாயம்

முதலில் ஒரு சின்ன சோதனை. இரண்டு டம்ளரில் நொறுக்கிய ஐஸ் போடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டுக் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் உப்பு போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி படியும். மற்றதில் வெறும் ஈரம்தான். உப்பு போட்டதில் ஐஸ் வேகமாக உருகுகிறது. ஆனால், அதுதான் அதிகக் குளிர்ச்சி! குழப்பமாக இருக்கிறதா?

ஐஸ் உருக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை வைத்து, ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சுட வைத்துவிடலாம். அந்த வெப்பத்தை ஐஸ் தன்னைச் சுற்றியிருப்பதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சாதாரண ஐஸ் 0 டிகிரியில் நின்றுவிடும். உப்பு சேர்ந்தால், உருகிய நீர் 0 டிகிரியில் திரும்ப உறைய முடியாது. ஐஸ் மேலும் மேலும் உருகும், மேலும் மேலும் வெப்பத்தைப் பிடுங்கும். இப்படியே மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகலாம். நம் வீட்டு வாளியில் மைனஸ் 10 டிகிரியைத் தொட்டாலே போதும்.

உப்பு போடாமல் செய்தால் என்ன? பழச்சாற்றில் சர்க்கரை இருப்பதால் அது 0 டிகிரியில் உறையாது. இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கீழே இறங்க வேண்டும். எனவே, வெறும் ஐஸில் நாள் முழுக்க வைத்திருந்தாலும் ஜில்லென்ற ஜூஸ்தான் கிடைக்கும், ஐஸ் கிடைக்காது. பானைக் குல்ஃபி விற்பவர் பானைக்குள் ஐஸோடு உப்பும் போட்டு வைத்திருப்பதன் ரகசியம் இதுதான்.

செய்யலாமா?

ஒரு பெரிய வாளி. அதற்குள் நிற்கும்படி, இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் தூக்குச்சட்டி. ஐஸ் ஒரு கிலோவுக்குக் கல் உப்பு கால் கிலோ முதல் முந்நூறு கிராம் வரை. அரை லிட்டர் பழக்கலவைக்கு மூன்று கிலோ ஐஸ் இருந்தால் தாராளம். ஐஸைச் சாக்கில் போட்டுக் கட்டையால் தட்டி நொறுக்க வேண்டும். இதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தூக்குச்சட்டியில் பழக்கலவையை முக்கால் பாகம் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருகும். இடம் விடாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். இதே காரணத்தால் கண்ணாடி பாட்டிலில் எதையும் உறைய வைக்கக்கூடாது; வெடித்துவிடும்.

வாளியின் அடியில் ஒரு வரிசை ஐஸ், அதன்மேல் உப்பு. நடுவில் தூக்குச்சட்டியை வைத்து, சுற்றிலும் ஐஸும் உப்புமாக மாற்றி மாற்றிக் கழுத்துவரை நிரப்புங்கள். மூடிக்கு மேலே ஏறக்கூடாது. வாளியைச் சாக்கால் சுற்றிவிட்டு, தூக்குச்சட்டியின் பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். தனியாகச் செய்தால் கை வலிக்கும். அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஆளுக்கு 100 எண்ணிக்கை வைத்துக்கொண்டால் நேரம் போவதே தெரியாது.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியை ஈரம் போகத் துடைத்துவிட்டுத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளுங்கள். துடைக்காமல் திறந்தால் ஒரு சொட்டு உப்புநீர் போதும், எல்லாம் பாழ்! சுரண்டுவது எதற்கு? சும்மா விட்டால் பெரிய பெரிய ஐஸ் படிகங்கள் உண்டாகி, பல்லில் நறநறவென்று கடிபடும். கலைத்துக்கொண்டே இருந்தால் படிகங்கள் சின்னதாகவே நின்று, மெத்தென்று வரும். அரை மணி நேரத்தில் தயாராகிவிடும்.

கவனம்: உப்பு கலந்த ஐஸை வெறுங்கையால் அளையாதீர்கள். தோல் புண்ணாகிவிடும். மிச்சமாகும் உப்புநீரைச் செடியடியில் கொட்டவும் கூடாது. காபிச் செடியோ கத்தரிச் செடியோ, வாடிப்போகும்.

ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடா? வேலை சுலபம். கலவையைத் தட்டையான டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால் கிளறிவிட்டால் போதும்.

எந்தப் பழத்தை எப்படி?

ஆரஞ்சு: ஆறு பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டிப் பிழியுங்கள். மிக்சியில் போடுவதானால் கொட்டையை எடுத்துவிட வேண்டும், அரைபட்டால் கசக்கும். பிழிந்ததை நேரம் கடத்தாமல் உறைய வையுங்கள். ஆரஞ்சுச் சாறு முழுக்கத் தண்ணீர் என்பதால் கல்லாக இறுகும். அதற்குச் சேலத்திடமே மருந்து இருக்கிறது: ஜவ்வரிசி! மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் சேலம் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோன்றின. போரால் மலேயா பக்கமிருந்து சரக்கு வருவது நின்றுபோகவே, இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். இன்று நாட்டுக்கே ஜவ்வரிசி தரும் ஊர் சேலம். ஒரு டீஸ்பூன் ஜவ்வரிசியை ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, ஆறவைத்து, ஆரஞ்சுச் சாறு, நான்கு ஸ்பூன் சர்க்கரையோடு கலந்துவிடுங்கள். கஞ்சியில் இருக்கும் மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படிகங்கள் பெருக்காது. பிழிந்த ஆரஞ்சுத் தோலைத் தூக்கி எறியாதீர்கள், கிண்ணம் அதுதான்!

பலா: இதுதான் எனக்குப் பிடித்தது. பத்துச் சுளையைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கி, பாதியை அரைத்து, பாதியை அப்படியே வையுங்கள். கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர், வடிகட்டிய வெல்லப்பாகு அரை டம்ளர், ஒரு ஏலக்காய். தேங்காய்ப்பாலின் கொழுப்பு ஐஸை மெதுவாக்கும். சுளைத் துண்டு நடுநடுவே கடிபடும்போது... சொல்லவே வேண்டாம்! பொறுமை இல்லாதவர்கள் சுளைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைக்கலாம். நான்கு மணி நேரத்தில் ஐஸ் மிட்டாய். ஒன்றாகக் குவித்து வைத்தால் பிரிக்கச் சுத்தியல் தேடுவீர்கள்.

வாழைப்பழம்தான் ஃப்ரீசர் வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டப் பழம். கரும்புள்ளி விழுந்த, யாரும் தொடாத பழமாகப் பாருங்கள்; மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நன்றாக இனிப்பது அதுதான். வில்லை வில்லையாக நறுக்கி உறைய வைத்து, அம்மாவையோ அப்பாவையோ மிக்சியில் அடித்துத் தரச் சொல்லுங்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, ஐஸ்க்ரீம் மாதிரியே வந்து நிற்கும்!

பட்டர் ஃப்ரூட்டும் அப்படித்தான், அதில் இயற்கையாகவே கொழுப்பு இருக்கிறது. பால், சர்க்கரையோடு மசித்து, கறுக்காமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். நாட்டுப் பேரிக்காய் பச்சையாக உறைந்தால் பல்லுக்கு ஆபத்து. சர்க்கரை போட்டு வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். கொய்யாவையும் வேகவைத்து, வடிகட்டி விதையை எடுத்துவிட்டு, சர்க்கரையோடு ஒரு சிட்டிகை உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து உறைய வையுங்கள்.

ஒரு விஷயம்: உறைவதற்கு முன்பு ருசி பார்த்தால் 'கொஞ்சம் இனிப்பு தூக்கல்' என்று தோன்ற வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். நம்பாவிட்டால், ஐஸை உருக விட்டுக் குடித்துப் பாருங்கள்.

தூங்கும் கிருமி

நுண்ணுயிர்கள் குளிரில் தூங்கும் என்றோமே, தூங்கும்தான், சாகாது! டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற நோய்களைத் தரும் கிருமிகள் ஐஸுக்குள் உயிரோடு இருக்கும். வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். 'ஐஸ்தானே, சுத்தமாகத்தான் இருக்கும்' என்று பலர் நினைப்பது தப்பு. அதனால், பழக்கலவையில் சேர்க்கும் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கை, கத்தி, பழத்தின் தோல் மூன்றையும் கழுவுங்கள். விழுந்து அடிபட்ட பழமானால் அழுகிய பாகத்தை நீக்கினால் மட்டும் போதாது, முழுப் பழத்தையுமே விட்டுவிடுங்கள். வெளியே போடும் ஐஸ் மீன் கடையில் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால், அது ஒரு துளிகூடச் சட்டிக்குள் போகக்கூடாது.

மழைக்காலத்தில் மலை ஊர்களில் மரம் சாய்ந்து மின்சாரம் நின்றுவிடுவது சகஜம். ஃப்ரீசரில் வைத்த பழ ஐஸ் முழுக்க உருகிவிட்டால், திரும்ப உறைய வைக்க வேண்டாம். தூங்கிய கிருமிகள் அந்த நேரத்தில் எழுந்து குட்டி போட்டிருக்கும். ஜில்லென்று இருக்கும்போதே ஜூஸாகக் குடித்துவிடுங்கள். சூடேறிப் போயிருந்தால் கொட்டிவிடுங்கள்.

குச்சி ஐஸாக வேண்டுமானால், சின்ன டம்ளர்களில் ஊற்றி, பாதி உறைந்த பிறகு கழுவிய குச்சியை நடுவில் செருகுங்கள். முதலிலேயே செருகினால் சாய்ந்துவிடும். எடுக்கும்போது டம்ளரைச் சாதாரணத் தண்ணீரில் கால் நிமிஷம் நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு வரும். உறைந்த எவர்சில்வர் டம்ளரில் நாக்கை வைத்துப் பார்க்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும்!

அவசரமாக விழுங்கினால் திடீரென்று நெற்றியில் சுரீர் என்று ஒரு வலி வருமே, தெரியுமா? மேல் அண்ணம் சட்டென்று குளிர்ந்ததும் அங்கிருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிகின்றன. மூளைக்கு அந்தச் செய்தி நெற்றியிலிருந்து வருவதாகத் தோன்றிவிடுகிறது. பயப்பட ஒன்றும் இல்லை. நாக்கை மேல் அண்ணத்தோடு ஒட்டி அழுத்திக்கொள்ளுங்கள், சூடு பட்டுக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் உங்கள் ஆரஞ்சுத் தோல் கிண்ணத்தைக் காலி செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!